எப்சிபா கழுத்துல பேசின தெரு

முதல் ஓலை வாசிச்ச ஞாயித்துக்கிழமை மத்தியானம், கறிக்கொழம்பு கொதிச்சு அடங்குறதுக்குள்ள, நல்லமேய்ப்பர்புரம் தெருவுல இருந்த நகையெல்லாம் ஒவ்வொண்ணா கிருபையம்மா வீட்டப் பாத்து வர ஆரம்பிச்சிச்சு. வந்துச்சுன்னா கால் முளைச்சு நடந்து வரல. அந்த மாதிரி வேடிக்கையெல்லாம் அந்த ஊருல கிடையாது. கர்சீப்புல முடிஞ்சு, இடுப்புல செருகி, மேல முந்தானைய இழுத்து மூடி, சும்மா உப்பு வாங்க வந்தவ மாதிரி ஒருத்தி வருவா. வந்து உக்காந்து, வெயிலப் பத்திப் பேசி, தண்ணி குடிச்சு, எந்திரிக்கப் போறப்ப மட்டும் முடிச்ச அவுத்து மேசை மேல வச்சு, "பிள்ள போட்டுப் பாக்கட்டும்"னு சொல்லிட்டுப் போயிருவா. மாறிப் போயிரக் கூடாதுன்னு கொக்கியில ஒரு கலர் நூலு கட்டியிருக்கும். ராஜகனி வீட்டுக்குச் சிவப்பு, ஐயரம்மாவுக்கு வெள்ள, ஜாஸ்மின் டீச்சருக்குப் பச்ச.

ஓலைன்னா வேற ஒண்ணுமில்ல. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை சொல்றவங்க இருந்தா இப்பவே சொல்லிருங்கன்னு கோயில்ல ஐயரு, அதாவது சபைப் போதகரு, மூணு ஞாயிறு எல்லாருக்கும் முன்னால வாசிக்கிறது. முதல் ஓலையில ஊரு தடையத் தேடும், ரெண்டாம் ஓலையில மாப்பிள்ள சம்பளத்தத் தேடும், மூணாம் ஓலையில பந்தியில என்ன போடுவாங்கன்னு தேடும். தேடுறது போக மிச்ச நேரத்துல நகை குடுக்கும். அந்தத் தெருவுல எந்தப் பொண்ணும் சொந்த நகைய மட்டும் போட்டுக்கிட்டுக் கோயில் படி ஏறுனது கிடையாது. அத எந்த மாப்பிள்ள வீட்டுக்கும் யாரும் சொன்னதும் கிடையாது.

பொண்ணு பேரு எப்சிபா. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ரத்தம் டெஸ்ட் எடுக்குற லேப்ல வேலை. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அவ சொல்றது ஒரே ஒரு வாக்கியம்: "கைய மூடுங்க, கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்." அதையும் எவ்வளவு மெதுவாச் சொல்லுவான்னா, முக்கால்வாசிப் பேரு "என்னம்மா?"ன்னு கேட்டுக்கிட்டு இருக்கையிலயே ஊசி உள்ள போயிரும். அவ கூப்பிட்டு ஒரு ஆட்டோவும் நின்னதில்ல. அந்தச் சத்தத்துக்குன்னு உலகத்துல ஒரே ஒரு ரசிகன் இருந்தான், அவன்தான் மாப்பிள்ள ஆசீரு. தூத்துக்குடித் துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவன். பகல் பூரா இரும்பு மேல இரும்பு விழுற சத்தத்துல கெடந்துட்டு, சாயங்காலம் போன காதுல அமுக்கி வச்சுக்கிட்டு, "நீ பேசு, என்ன வேணா பேசு, காதுக்கு எண்ண விட்ட மாதிரி இருக்கு"ம்பான்.

அந்த ஞாயித்துக்கிழம கிருபையம்மா மகள பீரோக் கண்ணாடி முன்னால நிறுத்தி, நைட்டி மேலயே கல்யாண வெள்ளப் பட்டச் சுத்தி, தலையில முக்காட்டு நெட்டப் போட்டு, ராஜகனி வீட்டு ஆரத்த எடுத்து மாட்டினா. எப்சிபா, "அம்மா, கொக்கி குத்துது"ன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தா. வந்தது ராஜகனி சத்தம்.

"ஏட்டி கிருபை! கொக்கியப் பாத்து மாட்டுட்டி, பிள்ளைக்குக் கழுத்து புண்ணாப் போயிருமுல்லா!"

பக்கத்து வீட்டுல ராஜகனி வளக்குற கோழியெல்லாம் தீனிக்குத்தான் கூப்பிடுதான்னு நெனச்சு வேலியத் தாண்டி ஓடி வந்துச்சு.

கிருபையம்மா ரெண்டு எட்டு பின்னால போயி, தலையச் சாய்ச்சுப் பாத்தா. "ஆரம் நல்லாத்தான் எடுத்துக் கொடுக்கு. சத்தந்தான் கொஞ்சம் கூடுதல்"னா. கழத்தி வச்சிட்டு அடுத்தத எடுத்தா.

அடுத்தது ஐயரு சம்சாரம் ஐயரம்மாவோட நெக்லஸ். அதப் போட்டுட்டு, "தண்ணி வேணுமாட்டி?"ன்னு கேட்டதுக்கு எப்சிபா வாயில இருந்து, "அன்பின் பரலோகப் பிதாவே, இந்தத் தண்ணிக்காக ஸ்தோத்திரம், இத மோந்த சொம்புக்காக ஸ்தோத்திரம், காலையில குழாயத் தொறந்துவிட்ட அந்தச் சகோதரனுக்காக, அவரு முழங்கால் வலிக்காக"ன்னு ஆரம்பிச்சு, ஆமென் வர்றதுக்குள்ள தண்ணி வெந்நியாப் போச்சு. ஜாஸ்மின் டீச்சரு வளையலப் போட்டதும், "யாரு அங்க சிரிக்கிறது? கையக் கட்டு! வாயில விரலு!"ன்னு ஒரு அதட்டு. வெளி ரூம்ல பேப்பர் படிச்சுக்கிட்டிருந்த அப்பா ஞானதிரவியம், பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, ஆயிரம் பேர அதட்டுன மனுஷன், எந்திரிச்சு நின்னு கையக் கட்டிக்கிட்டாரு.

விஷயம் என்னன்னு சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் வெளங்கிருச்சு. நகை யாருதோ வாயும் அவங்களுது. ஏன் எதுக்குன்னு யாரும் கேக்கல. கேட்டுக்கிட்டு இருக்க நேரமில்ல, கல்யாண வேலை தலைக்கு மேல கெடந்துச்சு. நகை பாக்க வந்த பொம்பளைங்க, "டிசைன விடு, வாயி எப்படி?"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. கெட்டி நகையா, கல்லு அசலான்னு பாத்த காலம் போயி, இது புகுந்த வீட்டுல போயி என்ன பேசும், சாப்பாட்டக் கொற சொல்லுமா, இதுக்கு அடுத்த வீட்டுக் கதைய அடக்கி வைக்கத் தெரியுமான்னு தட்டிப் பாத்தாங்க. தெருவே வந்து உக்காந்து கேட்டுச்சு. இதுல ஒரு அதிசயம் என்னன்னா, ஒவ்வொருத்திக்கும் அடுத்தவ சத்தம் அச்சு அசலாத் தெரிஞ்சுது, தன் சத்தம் மட்டும் யாருக்கும் தெரியல.

ராஜகனி காதுல கைய வச்சுக்கிட்டுக் கேட்டுட்டு, "இது யாரு? தகரத்த ரோட்டுல இழுத்த மாதிரி? நம்ம தெருவு ஆளே இல்லியே"ன்னா. அவ வீட்டுக்காரரு ஜெயசீலன் மோட்டுவளையப் பாத்தாரு. ஐயரம்மா கண்ண மூடிக் கேட்டுட்டு, "யாரோ நல்ல பக்தியுள்ள சகோதரி. கொஞ்சம் சுருக்கமா ஜெபிச்சா நல்லாருக்கும்"னாங்க.

கோயில் மணி அடிக்கிற ஜெபமணி ஒரு மோதிரத்தக் கொண்டாந்து நீட்டினாரு. அவரு சம்சாரம் குவைத்துல நர்ஸு. "போன்லதான் டெய்லி பேசுதீயளே அண்ணாச்சி"ன்னு கிருபையம்மா கேட்டதுக்கு, "போன்ல அவ நல்லாப் பேசுதா. எனக்கு அவ திட்டுறதக் கேக்கணும்"னாரு. எப்சிபா போட்டுக்கிட்டா. "கேஸ ஆஃப் பண்ணுனீரா இல்லியா? மனுஷருக்கு ஒரு நெனப்பு வேண்டாம்?"னு வந்துச்சு. ஜெபமணி, "பண்ணிட்டேன்"னு தலைய ஆட்டி, மோதிரத்த வாங்கிச் சட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டு, வேகமா வீட்டப் பாத்து நடந்தாரு. பண்ணல போலிருக்கு.

கிருபையம்மாவோட சொந்தச் சங்கிலி ஒண்ணு இருந்துச்சு. அது அவ கழுத்துல கெடந்தத விட பேங்க்ல அடகுல கெடந்த காலந்தான் ஜாஸ்தி. அதப் போட்டதும் தாய் சத்தம் வரும்னு ரெண்டு பேரும் ஆவலா நின்னாங்க. மூக்கடைச்ச ஒரு ஆம்பளக் குரலு, "சர்வர் டவுன், சாப்பிட்டு வாங்க"ன்னுச்சு. கிருபையம்மா அதக் கழத்தி, முந்தானையில தொடச்சு உள்ள வச்சிட்டா. ஞானதிரவியத்துக்குப் பொறுக்கல. புதுசா ஒரு சங்கிலி வாங்கியாந்தாரு, யாரு கழுத்துலயும் படாதது. அது கடைக்காரப் பையன் சத்தத்துல பேசிச்சு: "மேடம் இப்ப இதான் ஓடுது, உங்க ஃபேஸ் கட்டுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு, காபி சொல்லட்டா கூல்டிரிங்ஸ் சொல்லட்டா?" வாடகைக்கு எடுத்த ஒட்டியாணத்த மாட்டுனா, அதப் போட்டுப் போன அத்தன பொண்ணுங்களும் மொத்தமா, சண்டே ஸ்கூல் பிள்ளைங்க பாடுற மாதிரி, "அண்ணா, இந்தப் பக்கம் பாக்கவா, அந்தப் பக்கம் பாக்கவா?"ன்னு கேட்டாங்க.

எல்லாத்தையும் ஒண்ணா மாட்டிப் பாத்தப்ப ஒரு வாய்க்குள்ள குழாயடியே வந்து எறங்கிருச்சு. ராஜகனி கத்த, ஐயரம்மா ஜெபிக்க, டீச்சரு அதட்ட, கடைக்காரப் பையன் எல்லாருக்கும் காபி சொல்ல, எப்சிபா கண்ணாடியில தன் உதட்டப் பாத்துக்கிட்டு நின்னா. உதடு மட்டுந்தான் அவளுது. அதுக்குள்ள எங்கயாவது தான் இருக்கோமான்னு கவனிச்சுக் கேட்டா. இல்ல.

"அவ்வளவு நகையும் வேண்டாம்மா"ன்னா, எல்லாத்தையும் கழத்தின பெறவு.

"என்னட்டி சொன்ன? கேக்கல"ன்னா அம்மா.

ரெண்டாம் ஓலைக்கு மறுநாள் மாப்பிள்ளையோட அம்மா பியூலா தூத்துக்குடியில இருந்து வந்தா. "பிள்ள வாயத் தொறக்காம மட்டும் இரு"ன்னு கிருபையம்மா மகளுக்கு எல்லாத்தையும் மாட்டி, சோபாவுல உக்கார வச்சா. எப்சிபா பல்லக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. பியூலாவுக்கு ரொம்பத் திருப்தி.

"எவ்வளவு அமைதியான பிள்ள! நாங்க ஒண்ணும் கேக்கல, பாத்துக்கிடுங்க. உங்க பிள்ளைக்கு நீங்க போடுதீங்க, அது உங்க இஷ்டம். கழுத்து வெளிய தெரியாம இருந்தா போட்டோவுல லட்சணமா இருக்கும், அதுக்குத்தான் சொல்லுதேன். மத்தபடி நாங்க ஒண்ணும் கேக்கல."

அவ போனதும் ஞானதிரவியம் நேரா ஐயரப் போயிப் பாத்தாரு. ஐயரு நடந்ததையெல்லாம் கேட்டு, தாடியத் தடவிக்கிட்டாரு.

"அதிசயம் பெரிசில்ல, ஞானதிரவியம். வேதத்துல கழுதையே பேசியிருக்கு. ஆனா சம்மதமான்னு நான் கேப்பேன். யாரு சத்தத்துல சம்மதம் வருதோ அவங்களுக்குத்தான் விவாகம். மோதிரம், தாலி, கேக்கு எல்லாம் அதுக்கு அப்பறம்."

"ஐயரே, பிள்ள வாயிதான, பிள்ள நெஞ்சுதான?"

"நெஞ்ச ஆண்டவரு பாப்பாரு. நான் சத்தத்தத்தான் கேக்க முடியும்."

இது அரமணி நேரத்துல தெருவெல்லாம் பரவிருச்சு. ஜெயசீலன் ஓடி வந்தாரு. "அப்ப ராஜகனி சத்தத்துல வந்துட்டா, அவ அந்தப் பையன் பொண்டாட்டியா?"ன்னு கேட்டாரு. "ஆமா"ன்னாங்க. "தூத்துக்குடிக்கே கூட்டிட்டுப் போயிருவாங்களா?"ன்னாரு. அவரு மூஞ்சியில ஒரு வெளிச்சம் வந்துச்சு, ராஜகனி பின்னால நிக்கிறதப் பாத்து அது அணைஞ்சிச்சு. கடைக்காரப் பையன் சத்தத்துல வந்தா என்ன செய்யன்னு யாரோ கேட்டதுக்கு, அவனுக்குப் போன வாரந்தான் நிச்சயமாயிருக்கு, பாவம்னு ஞானதிரவியம் சொன்னாரு. ஜாஸ்மின் டீச்சரும் அங்கதான் இருந்தாங்க. ஹெட்மிஸ்ட்ரஸ், கல்யாணம் பண்ணிக்காதவங்க, ரெண்டு தலைமுறைய எழுத வச்சவங்க. "வளையல் இருக்கட்டும். கழத்த வேண்டாம்"னு சொல்லிட்டுக் கொடைய விரிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க.

நகைய எறக்கவும் முடியாது, ஏத்தவும் முடியாது. கழுத்து தெரிஞ்சா பியூலா முகம் மாறும். கழுத்து மூடுனா வேற எவளோ வாக்குக் குடுப்பா. கிருபையம்மா, "நீ தலைய மட்டும் ஆட்டு"ன்னு சொல்லிப் பாத்தா. ஐயரு ஒத்துக்கிடல, தலையாட்டுறதக் கணக்குல எடுத்தா ஊருல எல்லா ஆம்பளைக்கும் டெய்லி பத்துக் கல்யாணம் நடக்கும்னுட்டாரு.

அன்னிக்குச் சாயங்காலம் போன்ல எப்சிபா எல்லாத்தையும் ஆசீரு கிட்ட சொன்னா, சொல்லிட்டு ஒண்ணு கேட்டா.

"தாலி யாரு வாங்குனது?"

"அம்மாதான். அவங்களே கடைக்குப் போயி, அவங்களே கழுத்துல வச்சுப் பாத்து, அவங்க பீரோவுலதான் இருக்கு."

"அப்ப அத நான் போட்டா?"

ஆசீரு யோசிச்சுப் பாத்தான். மத்த நகையெல்லாம் ஒரு நாள் கூத்து, தாலி அப்படியா? சாகுற வரைக்கும், காபி வேணுமான்னு கேட்டாலும், ராத்திரி பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும், பியூலா சத்தம்.

"எப்சி, எங்க வீட்டுல அப்படிப் பேச ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கு."

மறுநாள் காலையில வெறும் வயித்தோட லேப்புக்கு வந்து லைன்ல உக்காந்தான். முறை வந்ததும் கைய நீட்டினான். "கைய மூடுங்க, கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்"னா எப்சிபா. மூடுன கையத் தொறந்தான். உள்ள தாலி இருந்துச்சு. "அம்மா பீரோவுல டப்பா மட்டுந்தான் இருக்கு. நீ போட்டுப் பழக்கிரு"ன்னான். வந்ததுக்கு ஒரு சுகர் டெஸ்ட்டும் எடுத்துக்கிட்டுப் போனான்.

கல்யாணத்துக்கு முன்னால தாலியப் போட்டுக்கிட்டவன்னு ஊருக்குத் தெரிஞ்சா, மூணு ஓலையையும் திருப்பி வாசிச்சாக்கூடத் தீராது. எப்சிபா அத லேப் கோட்டுப் பைக்குள்ள போட்டுக்கிட்டா. பாத்ரூம்ல போயிக் கயித்துல கோத்துக் கழுத்துல போட்டு, கோட்டுப் பட்டன மேல வரைக்கும் பூட்டிக்கிட்டு வேலைக்கு உக்காந்தா. முதல்ல அவ வாயில கடைக்காரன் சத்தம் வந்துச்சு. "கைய மூடுங்க சார், உங்க நரம்பு லேட்டஸ்ட் மாடல்"னு சொன்னதுல ஒரு பெரியவரு குளுந்து போனாரு. அவன் ஓய்ஞ்சதும் பியூலா வந்தா. "நாங்க ரத்தம் ஒண்ணும் கேக்கல. உங்க இஷ்டத்துக்கு எவ்வளவு குடுக்கணுமோ குடுங்க"ன்னு ஒவ்வொருத்தர் கிட்டயும் சொல்ல, ஜனம் வெக்கப்பட்டு ரெண்டு கையையும் நீட்டுச்சு. எப்சிபா விடல. சொன்னதையே சொன்னா. ஒவ்வொரு கைக்கும், ஒவ்வொரு ஊசிக்கும், கைய மூடுங்க கைய மூடுங்கன்னு, அந்த ஒரே வாக்கியத்தப் பித்தளைப் பாத்திரத்தப் புளி போட்டுத் தேய்க்கிற மாதிரி தேய்ச்சா. மூணாம் ஓலை வாசிச்ச வாரத்துல ஒரு நாள், பியூலா சத்தம் நடுவுல கீச்சுன்னு விரிசல் விட்டு, "நாங்க ஒண்ணும்... கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்"னு எப்சிபாவோட சொந்தச் சத்தம் வந்துச்சு. கைய நீட்டியிருந்த அம்மா, "ஏன் இப்படிக் கத்துத? எனக்குக் காது கேக்கும்"னா. எப்சிபாவப் பாத்து ஒருத்தி அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவ. தாலிய ஆசீரு கிட்ட திருப்பிக் குடுத்தா. அது டப்பாவுக்குள்ள போயி நல்ல பிள்ளையா உக்காந்துக்கிச்சு.

ஆனா அது தாலிக்குத்தான் ஆச்சு. சம்மதத்த அதுக்கு முன்னாலல்லா சொல்லணும்.

கல்யாணத்தன்னிக்குக் கோயில் நெறஞ்சு வழிஞ்சுது. எப்சிபா வெள்ளப் பட்டும் நெட்டுமா, ஆரம், நெக்லஸு, சங்கிலி ரெண்டு, வளையலு, ஒட்டியாணம் எல்லாம் போட்டு, கழுத்துன்னு ஒண்ணு இருக்கான்னே தெரியாம, வாய இறுக்க மூடிக்கிட்டு வந்து நின்னா. எதிர் வரிசையில பியூலா, நெஞ்சு பூரா பரவுன கல்லு நெக்லஸோட, அவளும் வாயத் தொறக்காம, எல்லாருக்கும் கண்ணாலயே பதில் சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தா. "என்ன ஒரு கவுரவம் பாரு"ன்னு பொண்ணு வீட்டுல பேசிக்கிட்டாங்க.

ஐயரு முதல்ல மாப்பிள்ளையக் கேட்டாரு. ஆசீரு "சம்மதம்"னான், கப்பலுக்குக் கேக்குற மாதிரி. அப்பறம் இந்தப் பக்கம் திரும்பி, "எப்சிபா, இவரை உன் புருஷனாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?"ன்னாரு.

எப்சிபா வாயத் தொறந்தா.

"கேக்குதாருல்லா, சொல்லுட்டி!"ன்னு ராஜகனி. "அன்பின் பரலோகப் பிதாவே"ன்னு ஐயரம்மா. "அண்ணா, எந்தப் பக்கம் பாக்க?"ன்னு ஒட்டியாணம். "சர்வர் டவுன்"னு பேங்க். "சம்மதம்னா பில் போட்டுரலாமா மேடம்?"னு கடைக்காரன். பெஞ்சுல இருந்து ஜெயசீலன் எந்திரிச்சு, "ஏ ராஜகனி, வாய மூடு! குடும்பம் போயிரும்!"னு கத்த, பக்கத்துல இருந்த ராஜகனி, "என் வாயி இங்கல்லா இருக்கு, நான் எங்க பேசுனேன்!"னு கத்த, ஒரே சத்தம் ரெண்டு இடத்துல இருந்து கேட்டுச்சு. அன்னிக்குத்தான் ராஜகனிக்குத் தன் சத்தம் தெரிஞ்சுது. சட்டுன்னு உக்காந்துட்டா.

அந்த நேரம் பாத்து, "சைலன்ஸ்!"னு ஒரு அதட்டு எப்சிபா வாயில இருந்து. கோயிலே கையக் கட்டிருச்சு. அப்பறம் டீச்சரோட அதே குரலு, ஆனா யாரும் கேட்டிராத மாதிரி மெதுவா, தொண்டையச் செருமிட்டு, "சம்..."னு ஆரம்பிச்சிச்சு.

எப்சிபா வாயப் பொத்திக்கிட்டா. முன் வரிசையில டீச்சரு கர்சீப்ப நாலா மடிச்சு, எட்டா மடிச்சு, அதையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

முதல்ல வளையலக் கழத்தினா. கழத்தி எங்க வைக்க? அம்மா தூரத்துல, நற்கருணை மேசை மேல வைக்கக் கூடாது, தரையில போட்டா தெருவே தீக்குளிக்கும். ஆசீரு கைய நீட்டுனான். பெரிய கை, வளையலு பாதியில நின்னுச்சு. அப்பறம் ஆரத்தக் கழத்தினா. அவன் தலையக் குனிஞ்சான். மாட்டிவிட்டா. நெக்லஸு, சங்கிலி, இன்னொரு சங்கிலி. ஒட்டியாணத்தக் கோட்டு மேல சுத்திக் கொக்கி போட்டா. மாப்பிள்ள நகைக்கடைக் கண்ணாடிக்குள்ள வச்ச பொம்மை மாதிரி, அசையாம, பெருமையா நின்னான்.

பியூலாவுக்குப் பொறுக்கல. பொண்ணு கழுத்து, வெறும் கழுத்து, பட்டப்பகல்ல எல்லாருக்கும் முன்னால! எந்திரிச்சு விரல நீட்டி வாயத் தொறந்தா. வந்தது பியூலா சத்தமே இல்ல. யாரோ ஒரு கீச்சுக் குரலு.

"ஏ பியூலாக்கா, கைய வீசாதீங்கக்கா! கொக்கி லூசுன்னு சொல்லித்தான குடுத்தேன்! சாயங்காலம் பத்திரமாத் திருப்பிக் குடுத்துருங்க!"

அப்பறந்தான் எல்லாருக்கும் ஒண்ணொண்ணா நெனவு வந்துச்சு, இந்தக் கல்யாண சீசன் பூரா போன எடத்துலயெல்லாம் மாப்பிள்ள வீட்டுப் பொம்பளைங்க எவ்வளவு அடக்கமா, எவ்வளவு கவுரவமா, உதட்டப் பிரிக்காம சிரிச்சுக்கிட்டு இருந்தாங்கன்னு. பியூலா மெதுவா உக்காந்தா. வீடியோக்காரரு மட்டும் கேமராவுல இருந்து கண்ண எடுக்காம, "நகையெல்லாம் ஃப்ரேம்லதான் இருக்கு, பிரச்சன இல்ல, நீங்க நடத்துங்க"ன்னாரு.

ஐயரு மறுபடியும் கேட்டாரு.

எப்சிபா கழுத்துல ஒண்ணும் இல்ல. "சம்மதம்"னா.

"கேக்கல!"ன்னாங்க பின் வரிசையில.

நகையோட நின்ன ஆசீரு, 'மெதுவாச் சொல்லு, எனக்குக் கேட்டுச்சு'ன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தான். "வயித்துக்குச் சாப்பிடலியாட்டி? சத்தமாச் சொல்லு!"ன்னு ராஜகனி சத்தந்தான் முந்திக்கிட்டு வந்துச்சு.

எப்சிபா சிரிச்சா. மூச்ச இழுத்து, லேப்ல அந்தக் காது கேக்குற அம்மாவுக்குச் சொன்னாளே, அதே சத்தத்துல, "சம்மதம்!"னா. மைக்கு கூவுச்சு. வெளிய புளிய மரத்தடியில நின்ன ஆட்டோ ஒண்ணு, தன்னத்தான் கூப்பிடுதாங்கன்னு நெனச்சுக் கோயில் வாசல்ல வந்து நின்னுச்சு. ஐயரு, "தெளிவாக் கேட்டுச்சு"ன்னு சொல்லிட்டுத் தாலிய எடுத்து நீட்டினாரு.

ஆசீரு தாலியக் கட்டினான். இருக்குற வளையலு, ஆரம், சங்கிலி எல்லாத்தோடயும் மூணாவது முடிச்சப் போடுறதுக்குள்ள அவ பின்னங்கழுத்து முடி ரெண்டு அதுல மாட்டிக்கிச்சு. இனி இவ வாயில யாரு பேசப் போறான்னு கேக்க கோயிலே முன்னால சாஞ்சிச்சு. பியூலா, தான் வாங்குன தாலியாச்சேன்னு, வாய மூடிக்கிட்டுக் காதத் தீட்டிக்கிட்டு இருந்தா.

எப்சிபா பின்னங்கழுத்தத் தடவிக்கிட்டு அவனப் பாத்துச் சொன்னா, அவ சத்தத்துல, முழுசா அவ சத்தத்துல:

"கொஞ்சம் சுருக்குன்னு இருந்துச்சு."

மாப்பிள்ள அவளப் பாத்து உருகிப் போயி, கண்ணுல தண்ணியோட, ராஜகனி சத்தத்துல சொன்னான்:

"அப்படித்தான்ட்டி இருக்கும்!"